நீக்கிய புள்ளி

புயலன்று மழை வரைபடம் போட்ட யா-ஹுய், ஹுவாலியென் மாவட்டத்து மலையூர் ஒன்றின் மழைமானி காட்டிய மிகப் பெரிய அளவை நம்பவில்லை. கருவிக் கோளாறு என்று அதை நீக்கிவிட்டு, பக்கத்து நிலையங்களின் சராசரியை இட்டு நிரப்பினாள். வரைபடம் ஆபத்தில்லை என்று பச்சையாக இருந்ததால் ஊரை யாரும் காலிசெய்யவில்லை. விடிவதற்குள் மலை சரிந்து, ஊரோடு மழைமானியும் மண்ணுக்குள் போனது.

பிறகு ஒருநாள் அந்த மழைமானியின் புள்ளி வரைபடத் திரையில் சிவப்பாகத் திரும்பி வந்தது.

"போ-யென், நீயா சேர்த்தே?" என்று பக்கத்து மேசைக்காரனைக் கேட்டாள்.

"புதைஞ்சு போனதை நான் எங்கக்கா தேடிச் சேர்க்கறது? அதை நீக்கிட்டு வாங்க, சாப்பாடு ஆறுது."

நீக்கினாள். மறுநாள் அது வரைபடத்தில் நகர்ந்து ஆற்றுப் பாலத்தில் இருந்தது. அடுத்த நாள் ரயிலடியில். இன்று அவர்கள் அலுவலகத்தின் மேலேயே.

"வெளியே வெயில் கொளுத்துது. கோளாறுதான்க்கா, தூக்கிடுங்க," என்றான் போ-யென்.

யா-ஹுய் இம்முறை அதை நீக்கவில்லை; எல்லாரையும் கட்டடத்தைவிட்டு வெளியே அனுப்பினாள். பிறகு தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.