நாலாம் எண்ணின் இரண்டு புள்ளிகள்

அவன் தாளை மடிக்கப் பார்த்தான். மடிப்பு சரியாகத் தன் பெயரின் மேல் விழுந்தது.

விரித்துவிட்டான்.

கூடைப்பந்து அரங்கின் உடை மாற்றும் அறையில் எல்லோர் கையிலும் அதே தாள். யார் எத்தனை நிமிடம் ஆடினார், எத்தனை புள்ளி எடுத்தார் என்று கட்டம் கட்டமாகப் போட்ட தாள். தோற்ற அணிக்கும் ஆளுக்கொன்று கொடுக்கிறார்கள்.

எவனும் முதலில் தேடுவது தன் வரியைத்தான். குழுப் படத்தில் பிள்ளைகள் தங்கள் முகத்தைத் தேடுவார்கள் பாருங்கள், அதுபோல.

அவன் வரி கடைசியில் இருந்தது. பதினான்காம் எண்.

ஆடிய நேரம், ஒரு நிமிடம் பன்னிரண்டு வினாடி.

புள்ளி சுழியம். தவறி வந்த பந்தைப் பிடித்த ரீபவுண்ட் சுழியம். ஃபவுலும் சுழியம்.

நாட்டுக்காக ஆட ஒன்பது வருடம் முகாம் முகாமாகப் போய்வந்தவன். ஒன்பது வருடமும் கடைசிப் பட்டியலில் பெயர் விடுபட்டது. முப்பத்தொரு வயதில் இந்தத் தடவைதான் சட்டை கிடைத்தது. மூன்று ஆட்டம் பெஞ்சில் உட்கார்ந்தே வியர்த்தான்.

இன்றைக்கு நெட்டையன் ஜோபி ஐந்தாவது ஃபவுல் வாங்கி, விதிப்படி வெளியே வந்தான். பயிற்சியாளர் திரும்பிப் பார்த்தார். மிச்சம் இருந்த உயரம் இவன் ஒருவன்தான்.

அப்போது எழுபத்தொன்றுக்கு எழுபது. நம் பக்கம் ஒரு புள்ளி அதிகம்.

செய்ய வேண்டியது ஒரே வேலை. நம் கூடைக்கடியில் நின்று, எதிரணி எறிந்து தவறுகிற பந்தைப் பிடிக்க வேண்டும்.

ஆட்டம் முடிய மூன்று வினாடி மிச்சம். இன்னும் அதே கணக்குதான்.

எறிந்தார்கள். தவறியது. பந்து வளையத்தில் பட்டு மேலே எழும்பியது.

அத்தனை பேரையும்விட உயரமாக அவன் எழும்பினான்.

விரல் நுனி பட்டது.

பந்து, யாருக்கும் அவசரம் இல்லாதது போல, அவன் காத்து நின்ற கூடைக்குள்ளேயே இறங்கியது.

கூடைப்பந்தில் ஒரு விதி உண்டு. பார்க்கப் போகிறவர்களிலேயே பலருக்குத் தெரியாது. கைதவறித் தன் பக்கக் கூடையில் பந்தைப் போட்டவன் பெயரில் எதையும் எழுதமாட்டார்கள். அந்த இரண்டு புள்ளியும் களத்தில் நிற்கிற எதிரணித் தலைவன் பெயரில் போய்ச் சேரும்.

அந்தத் தலைவன் நாலாம் எண். கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு ஆடினான். ஆட்டம் முழுக்க எறிந்தது எதுவும் விழவில்லை. பந்து கூடைக்குள் இறங்கியபோது அவன் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்றான். புள்ளி எழுதும் மேசையில் தன் எண்ணை எழுதுவதைப் பார்த்து, நானில்லை என்பது போல் இரண்டு கையையும் விரித்தான்.

எழுதியாயிற்று.

இந்த ஆட்டத்தை எந்தச் சேனலும் காட்டவில்லை. ஊரில் இருப்பவர்கள் பார்த்ததெல்லாம் போனில் மாறுகிற எண்களைத்தான்.

போன் அதிர்ந்தது.

ஜெசிந்தா. அவன் மனைவி. தூத்துக்குடியில் பள்ளிக்கூட டீச்சர். அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

"ஏங்க, எறக்கிட்டாங்கள்ல! ஒரு நிமிசம் பன்னெண்டு செகண்டு. எல்லாரும் போன்ல பாத்துக்கிட்டே இருந்தோம். லீமா டீச்சர் கை தட்டுனதுல சாம்பார் டப்பா கவுந்துட்டு."

"ம்."

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், எல்லாரும் இருக்கோம். கடைசிக் கட்டத்துல மைனஸ் ரெண்டுன்னு இருக்கே, அது என்னது?"

"நாங்க நிக்கும்போது ரெண்டு பாயிண்டு போச்சுல்லா. அஞ்சு பேருக்கும் கழிப்பாங்க."

பொய் இல்லை. ஐந்து பேருக்கும்தான் கழிப்பார்கள். மற்ற நால்வரும் வெகுநேரம் ஆடியவர்கள். அவர்கள் வரியில் அது மற்ற எண்களோடு கரைந்துவிட்டது. அவன் வரியில் மட்டும் தனியாக நின்றது.

"யாருண்ணே அந்த நாலாம் நம்பரு?" இது லீமா டீச்சர். "ஆட்டம் பூரா முட்டை. மூணு செகண்டு இருக்கும்போது எங்க இருந்துதான் வந்தானோ! எங்க அண்ணன் எறங்குன அன்னைக்குத்தான் அவனுக்குக் கை வெளங்கணுமா?"

"அந்தக் கையில கட்டி வர," என்றது இன்னொரு குரல்.

எல்லோரும் சிரித்தார்கள். ஜெசிந்தாவும் சிரித்தாள்.

திறந்திருந்த கதவு வழியே நாலாம் எண் தோள்பையோடு போனான். இவனைப் பார்த்து நின்றான். கையிலிருந்த தாளில் தன் வரியைத் தொட்டுக் காட்டினான். உதட்டைப் பிதுக்கினான். போய்விட்டான்.

தாள் காட்டிக்கொடுக்காது. இன்றைக்கு இல்லை, இருபது வருடம் கழித்து எடுத்துப் பார்த்தாலும் காட்டிக்கொடுக்காது. உடன் ஆடியவர்கள் சொல்லப் போவதில்லை. ஜோபி இதுவரை இவன் பக்கம் திரும்பவே இல்லை.

"அந்தத் தாள பத்திரமா கொண்டு வாங்க," என்றாள் ஜெசிந்தா. "சட்டம் போட்டு மாட்டணும்."

அவன் தன் விரல் நுனியைப் பார்த்தான். அதில் ஒன்றும் இல்லை. பந்தின் தூசிகூட இல்லை.

"ஜெசி."

"சொல்லுங்க. ஸ்பீக்கர அணைக்கவா?"

"வேண்டாம். இருக்கட்டும்."

பென்சிலோ பேனாவோ எதுவோ அங்கே மேசையில் உருண்டு நிற்பது போனில் கேட்டது.

"அந்த ஆளத் திட்டாதீங்க. பந்து அவன் கையில படவே இல்ல."

சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது.

"பின்ன யாரு கையில பட்டுச்சு?" என்றாள் ஜெசிந்தா. டீச்சர் குரல் இல்லை. வீட்டுக் குரல்.

அங்கே மணி அடித்தது. சாப்பாட்டு நேரம் முடிந்தது.

நாற்காலி நகரும் சத்தம் ஒன்றுகூடக் கேட்கவில்லை.