விட்டுப்போன ஒரு கோயில்

“பள்ளிவாசலுக்குள்ள அரை மணித்தியாலம் நிண்டு விளக்கம் சொல்லியிருக்கிறீங்க. கோயில் வாசலை மட்டும் காட்டேல்லையாம். ஏன் நபீஸ்?”

போனை மேசையில் வைத்துவிட்டுத் தாரிகா கேட்டாள். வெள்ளவத்தையில் ஒரு சுற்றுலாக் கம்பனியை நடத்துபவள் அவள். கனடாவிலிருந்து வந்திருந்த ஒரு தமிழ்க் குடும்பம் அப்போதுதான் முறைப்பாடு சொல்லி முடித்திருந்தது.

கொழும்புத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள பழைய இடங்களைக் காட்டும் ஒரு நாள் பயணம் அது. கோட்டை வெளிச்சவீடு, புறக்கோட்டை ஒல்லாந்தர் மியூசியம், சிவப்புப் பள்ளிவாசல், வுல்பெண்டால் தேவாலயம், கடைசியாகக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் என்ற கத்தோலிக்கத் தேவாலயம்.

நபீஸ்தான் கைட். ஐம்பது வயது இருக்கும். தாரிகா தொடர்ந்தாள்.

“மெழுகுதிரி கொளுத்தவெண்டே அந்த அம்மா கனடாவில இருந்து வந்திருக்கிறாவாம். ‘இண்டைக்கு ஏலாது’ எண்டு மட்டும் சொல்லி வேனைத் திருப்பிட்டீங்களாம்.”

“ஓம் மிஸ். அவங்க கவலப்பட்டாங்க.”

“இண்டைக்கு மட்டுமே? போன மாசமும் போகேல்ல. அதுக்கு முந்தியும் போகேல்லயாம். விசாரிச்சிட்டன்.”

“ஓம் மிஸ்.”

“காரணம் என்ன?”

நபீஸ் நிலத்தைப் பார்த்தார். “எனத்த செல்ல மிஸ். வாயால செல்ல ஏலாத ஒரு காரணம்.”

தாரிகாவுக்குக் கோபம் வந்தது.

“அப்ப நான் சொல்லட்டே? முஸ்லிம் கைட் எண்டதால வேணுமெண்டே கோயிலை விட்டிட்டார் எண்டு அவை சொல்லினம். அங்க குண்டு வெடிச்சுச் சனம் செத்தது உலகத்துக்கே தெரியும். அந்த இடத்தை நீங்க விட்டிட்டுப் போனா ஆக்கள் வேற என்ன நினைப்பினம்?”

நபீஸின் முகம் ஒருமுறை சுருங்கியது.

“நாளையில இருந்து மற்ற கைட் ஜனா போகட்டும். நீங்க வரத் தேவையில்ல.”

“சரி மிஸ்.” எழும்பினவர் கதவடியில் நின்றார். “ஒரு உதவி செய்வீங்களா? கொன்ஸ்ரன்ரைன இந்த ரூட்ல போடாதீங்க. கண்டி, காலி எங்கயாவது போடுங்க.”

கொன்ஸ்ரன்ரைன், நபீஸோடு வழமையாகப் போகும் வேன் ட்ரைவர். கொட்டாஞ்சேனைக்காரர். அதிகம் கதைக்காத மனுசன்.

“உங்கட பிழைக்கு அந்த மனுசனில ஏன் பழி போடுறீங்க? போயிட்டு வாங்க.”

நபீஸ் போய்விட்டார்.

அடுத்த நாள் பின்னேரம் ஜனா போன் எடுத்தான். குரலில் பதற்றம்.

“அக்கா, கொன்ஸ்ரன்ரைன் அண்ணை நடுறோட்டில வேனை நிப்பாட்டிட்டார். கோயிலுக்குத் திருப்பச் சொன்னன், அவ்வளவுதான். ஸ்டியறிங்கைப் பிடிச்சபடி அப்பிடியே இருக்கிறார். கூப்பிட்டாலும் திரும்பிறாரில்ல.”

“ஆக்களைத் த்ரீவீலரில அனுப்பு. அவரை இங்க கூட்டிக்கொண்டு வா.”

கொன்ஸ்ரன்ரைன் வந்து அவள் முன்னால் இருந்தார். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“ஏலும் எண்டுதான் நினைச்சனான் மிஸ். அந்தத் திருப்பத்துக்கு வந்தவுடன ஏலாமப் போச்சு.”

“என்ன நடந்தது?”

“அந்தக் குண்டு வெடிச்ச அண்டைக்கு உயிர்த்த ஞாயிறு. மனுசியையும் மகளையும் வாசல்ல இறக்கிவிட்டனான். ‘அப்பா, கெதியா வாங்கோ’ எண்டு பிள்ளை சொல்லிப்போட்டு ஓடினவள். வேனை நிப்பாட்ட ஒரு இடம் தேடி அங்கால போனன்.” கையிலிருந்த தண்ணீரை மேசையில் வைத்தார். “சத்தம் கேட்டுது. ஓடி வந்தன். கோயில் நிண்டுது, அவை ரெண்டு பேரும் இல்லை.”

தாரிகாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“வேலைக்குச் சேரேக்க ஏன் சொல்லேல்ல?”

“சொன்னா வேலை தருவியளோ? அதுக்குப் பிறகு நான் வேனை அந்த வாசல்ல நிப்பாட்டினதே இல்ல மிஸ்.”

“நபீஸுக்கு இது தெரியுமே?”

“அவருக்கு எப்பிடித் தெரியும்? நான் ஒருத்தருக்கும் சொன்னதில்ல. அவராத்தான் ஒவ்வொரு முறையும் ‘நேரா போவம்’ எண்டு சொல்லுவார். அவருக்கு அங்க போகப் பயமாக்கும், சனம் ஒரு மாதிரிப் பாக்குமெண்டு கூச்சமாக்கும் எண்டு நினைச்சன். பாவம், அந்த மனுசனைக் கேட்டு நோகடிக்கக்கூடாதெண்டு நானும் விட்டிட்டன்.”

அவர் போனதும் தாரிகா நபீஸுக்குப் போன் எடுத்தாள்.

“நபீஸ், கொன்ஸ்ரன்ரைனைப் பற்றி உங்களுக்கு முதலே தெரியும், என்ன?”

மறுபக்கம் ஒரு பெருமூச்சு. “அந்த மனுசன் சொகமா ஈக்கிறாரா மிஸ்?”

“இருக்கிறார். அவர் ஒருத்தருக்கும் சொல்லேல்லயாமே. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“கோயிலுக்கு எதிர்ப்பக்கம் அவரக் கண்ட மிஸ். குண்டு வெடிச்ச அந்த நாள் வருசம் திரும்பி வந்த ஒரு காலையில. கையில தாயும் மகளும் நிக்கிற படம். உள்ளுக்குப் போக கால் வருதில்ல, றோட்டோரமா நிண்டு அழுதாரு. பொறகு நம்மட வேனுக்கு அவரே ட்ரைவரா வந்தாரு. பாத்ததும் வெளங்கிச்சி.”

“என்னட்டச் சொல்லியிருக்கலாமே. நான் உங்களை என்னவெல்லாம் சொல்லிப்போட்டன்.”

“அவரே மூடி வச்ச துக்கம் மிஸ். அத நான் எப்பிடி வெளிய எடுக்கிற?”

தாரிகா யோசித்துப் பார்த்தாள். ஆனாலும் ஒன்று விளங்கவில்லை.

“அந்த நாளில, அந்தக் கோயிலடியில நீங்க என்ன செய்தீங்க நபீஸ்?”



“வருசா வருசம் நான் போற மிஸ். எங்கட மார்க்கத்துட பேரச் செல்லித்தானே அவனுகள் அங்க குண்டு வெடிக்க வச்ச. அதுல மவுத்தானவங்களுக்கு முன்னால போய்க் கொஞ்ச நேரம் தலை குனிஞ்சி நிக்காட்டி, எனக்கு அண்டைக்குத் தொழுகையில மனசு நிக்கிதில்ல.”