பஸ் சத்தத்தில் கேட்கவில்லை

“என்ன? கேக்கல… பஸ் சத்தம்!” என்று போனில் கத்தினாள் அவள்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

சத்தமா? அப்படி ஒன்று இருந்தால்தானே! பாரிமுனைத் தடத்தில் அன்றுதான் விட்டிருந்த மின்சாரப் பஸ் அது. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதுகூடக் கேட்டது.

பழக்க தோஷம், பாவம்.

வீட்டில் அப்பா. ஆபீசில் சூப்பர்வைசர். லோகுவோடு பேச அவளுக்குக் கிடைத்த ஒரே இடம் பழைய டீசல் பஸ்தான். என்ன கத்தினாலும் பக்கத்து சீட்டுக்குக் கேட்காது.

அவன் கல்யாணப் பேச்சை எடுத்தானோ இல்லையோ, பஸ் சத்தம் என்பாள்.

ஆசை இல்லாமலா? கொள்ளை ஆசை. அப்பாவை நினைத்தால்தான் பயம்.

இன்றைக்கு லோகு விடுவதாக இல்லை.

“நாளைக்கு அம்மாவ உங்க வீட்டுக்கு அனுப்பட்டுமா, வேணாமா? இப்பவே சொல்லு. இல்லன்னா அவங்க பாத்து வச்சிருக்கிற பொண்ணுக்குத் தலையாட்டிடுவேன்.”

“கேக்கலப்பா…”

“பொய் சொல்லாத. எனக்கே நல்லா கேக்குது,” என்றார் பக்கத்து சீட்டில் மடி நிறையக் கீரைக்கட்டோடு இருந்த அம்மாள்.

பாழாய்ப்போன பஸ்! பேருக்காவது கொஞ்சம் உறுமக் கூடாதா?

அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. கதவு திறந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

இறங்க வேண்டிய மற்றவர்களும் எழுந்திருக்கவில்லை. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். ஊதவில்லை.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“அனுப்பு. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்.”

பின் சீட்டில் யாரோ கை தட்டினார்கள். கண்டக்டர் தேவைக்கு மேலேயே நீளமாக விசில் ஊதினார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

டிரைவர் மட்டும் வண்டியை எடுக்கவில்லை. கண்ணாடி வழியே அவளையே பார்த்தார். பெண்ணைப் பெற்றவரின் முகம் அவருக்கு வந்துவிட்டிருந்தது.

“பையன் இன்னா வேல செய்றாரு?”

டீசலே தேவைப்படாத அந்தப் பளபளப் புதுப் பஸ்ஸை அவள் ஒரு தரம் சுற்றிப் பார்த்தாள்.

“டீசல் மெக்கானிக். உங்க டிப்போலதான்.”

பஸ் இன்னும் கொஞ்சம் அமைதியானது.

கீரைக்கட்டு அம்மாள் அவள் முழங்காலைத் தட்டிக் கொடுத்தார்.

“அட, வுடு கண்ணு. இது மட்டும் ரிப்பேர் ஆவாமயா பூடும்?”