கை பிடிக்கும் நேரம்

தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையின் நர்ஸ்கள் எல்லோரும் மணிக்கட்டில் ஒரு மின்னணுப் பட்டை கட்டியிருந்தார்கள். ஊசி போட, கட்டுப் பிரிக்க, ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை நிமிஷம் என்று கணக்கு உண்டு. தாண்டினால் பட்டை அதிரும்.

ஒருநாள் சாகக் கிடந்த கோயில்பிள்ளை என்ற முதியவர், நர்ஸ் பிலோமினாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "போயிராதம்மா" என்றார். பட்டை அதிர்ந்துகொண்டே இருந்தது. வேலை போனாலும் போகட்டும் என்று, அவர் மூச்சு அடங்கும்வரை அவள் அசையவில்லை.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டனுப்பியபோது, வேலை போய்விட்டது என்றே நினைத்து அவள் போனாள். அவரோ சிரித்தபடி, கோயில்பிள்ளையின் நாடித்துடிப்பு வரைபடத்தைத் திரையில் காட்டினார்.

"நீங்க கையப் பிடிச்சதும் அவரோட படபடப்பு எப்படி அடங்கிருக்கு பாருங்க சிஸ்டர். இதையும் வேலையில சேத்துட்டோம். மூணு நிமிஷம். அதுக்கு மேல பிடிச்சாலும் பெருசா பலன் இல்லயாம்."

"விடாதீங்கன்னு அழுதாங்கன்னா?"

"பழகிட்டா சரியாப் போயிரும்."

பழகிவிட்டது. போகப் போக, பட்டை அதிர்வதற்குள் அவள் அடுத்த கட்டிலில் இருப்பாள்.

ஐப்பசி மழையில் அவள் மகள் ஷைனிக்குக் காய்ச்சல் கொதித்தது. பிலோமினா விடுப்பு எடுத்து, பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, மகளின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்தாள்.

"ஏம்மா கைய விட்டுட்டே?" என்றாள் ஷைனி.

பிலோமினா குனிந்து பார்த்தாள். தன் கை மடியில் கிடந்தது. எப்போது விட்டோம் என்று தெரியவில்லை. மறுபடி பிடித்தாள், இந்த முறை இரண்டு கைகளாலும், இறுக்கி.

"வலிக்குதும்மா."

தளர்த்த அவளுக்குப் பயமாக இருந்தது.