மருந்து குடித்தீர்களா?

பேச்சித்தாயின் ஏழு வயது மகளுக்கு ரத்தப் புற்றுநோய். அது எதனால் வந்தது என்று தேடும் ஆய்வுக்காக ஆய்வாளர் ஜெசிந்தா கேள்வி கேட்டாள். மேசைமேல் இருந்த நினைவுமானி ஒவ்வொரு பதிலையும் பழைய மருத்துவப் பதிவுகளோடு ஒப்பிட்டது.

"மாசமா இருக்கும்போது மருந்து குடிச்சீங்களாக்கா?"

"நான் எதுக்கு மருந்து குடிக்கணும்? எங்க வீட்டுக்காரரு என்னைத் தங்கமால்லா வச்சிருந்தாரு!"

சிவப்பு விளக்கு எரிந்தது. 'சத்து டானிக் கொடுக்கப்பட்டுள்ளது. தாயின் நினைவு நம்பத்தக்கதல்ல. மற்ற பதில்கள் ஏற்கப்படா' என்றது மானி.

"நான் பொய் சொல்லுதேனாமா?" பேச்சித்தாய் நாற்காலியில் இன்னும் அழுந்த உட்கார்ந்தாள். "பருத்திக்காட்டுல நடந்ததைச் சொல்லாம எந்திரிக்க மாட்டேன். வேணும்னா அதை எந்திரிச்சுப் போகச் சொல்லு."

ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த ஊரில் மருந்து என்றால் பூச்சிமருந்து. அதைக் குடிப்பது சாவதற்கு.

"டானிக் குடிச்சீங்களா?"

"அது தினமும் குடிச்சேனே!"

மானி மசியவில்லை. முதல் பதிலே இறுதி என்றது. ஆய்வாளர் தன் பிழை என்று ஒப்புக்கொண்டால் மட்டுமே மாற்றலாம். அந்தப் பிழை அவருடைய பணிப்பதிவில் அழியாமல் நிற்கும்.

ஜெசிந்தா கர்த்தரை நினைத்துக்கொண்டு, பிழை தன்னுடையது என்று மானியின் திரையில் தன் பெயரை அழுத்தினாள். சிவப்பு அவள் பெயருக்குத் தாவியது.

"எரிஞ்சா எரியட்டும். காட்டுல என்னக்கா நடந்துச்சு?"

"அப்படிக் கேளு தாயி. பக்கத்துக் காட்டுல மருந்தடிச்சாவ. நான் வயித்துப் பிள்ளையோட களையெடுத்துக்கிட்டிருந்தேன். காத்து எங்க பக்கம் அடிச்சுது."