இருபத்தோராயிரம் பேர் பார்க்கும் மாப்பிள்ளை

“அவன் ஐசிலை இறங்காட்டி அண்டைக்கு ஆட்டமே இல்லைத் தம்பி!” என்றார் தில்லையம்பலம், ஓர் இறாலின் தலையைத் திருகி எடுத்தபடி.

மாப்பிள்ளை உமாசுதனின் தாய்மாமன் அவர். மொன்றியாலிலிருந்து பெண் பார்க்க வந்தவர், நாளைக்குக் காலையில் திரும்புகிறார். அதற்குள் தன் மகள் சயந்தினியின் வாயிலிருந்து ஒரு ‘ஓம்’ வாங்கிவிட வேண்டும் என்பதற்காகவே ஜெயரட்ணம் இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரையும் இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரை ஒட்டிய ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரைச் சாப்பாட்டுக்கடைக்குக் கூட்டி வந்து, கடலைப் பார்த்த மேசையாகப் பிடித்திருந்தார்.

ஜெயரட்ணம் சாதாரண ஆள் இல்லை. இருபத்தாறு வருடமாக ஒரு வக்கீல் வீட்டில் சமையலும் துப்புரவும் செய்துகொண்டு, சனத்துக்கு ‘வக்கீல் கந்தோரிலை நிர்வாகம்’ என்று சொல்லி வருபவர். ஐஸ் ஹொக்கி அவருக்குத் தெரியாது. பலெர்மோக்காரருக்கு ஐஸ் என்றால் காலையில் பணிஸ் ரொட்டிக்குள் வைத்துத் தின்கிற ஐஸ்கிரீம்தான். ஆனாலும் ‘மருமகன் கனடாவிலை ஹொக்கி ஸ்டார்’ என்று கபோ சந்தையில் மீன்காரன் வரைக்கும் சொல்லிவிட்டார். தமிழர் சங்க விளையாட்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் என்று உமாசுதனின் பெயரை அச்சுக்கும் கொடுத்தாயிற்று.

“அரங்குகளுக்கை எது திறம், அண்ணை?” என்று கேட்டார், எல்லா அரங்கிலும் ஒரு தடவை உட்கார்ந்து எழும்பியவர் போல.

தில்லையம்பலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். “சிக்காகோவிலை தேசிய கீதம் தொடங்கின உடனை சனம் கத்தத் தொடங்கிடும். பாடுற ஆளின்ரை வாய் மட்டும்தான் அசையும். றொறன்ரோவிலை கோட்டுச் சூட்டோடை வந்து, செத்தவீட்டுக்கு வந்த மாதிரிக் குந்தியிருப்பினம். மொன்றியால்தான் தம்பி அரங்கு! இருபத்தோராயிரம் சனம். மேல்தட்டிலை இருந்து எழும்பிக் கத்தினால் முன்னுக்கு இருக்கிறவன்ரை மடியிலை விழுந்திடுவமோ எண்டு இருக்கும். கோல் விழுந்தால் கப்பல் ஊதுற மாதிரி ஊதும். நெஞ்சாங்கூடு அதிரும்.”

“எங்கடை தம்பி இறங்கேக்கை?”

“சின்னப் பிள்ளையள் ஐசைச் சுத்தியிருக்கிற கண்ணாடித் தடுப்பிலை மூக்கை ஒட்டிக்கொண்டு நிண்டு கை காட்டுங்கள். அவனும் சுத்தி வந்து கை காட்டுவான். பதினொரு வருசம்! ஒருக்காலும் விழ இல்லை.”

“கேட்டியோ பிள்ளை? விழ இல்லையாம்!” ஜெயரட்ணம் மகளைப் பார்த்தார். அவள் மட்டியை ஓட்டிலிருந்து பிரிப்பதில் மும்முரமாக இருந்தாள். “இதுவரைக்கும் எத்தினை கோல், அண்ணை?”

தில்லையம்பலத்துக்கு இறால் புரையேறியது. ஜெயரட்ணத்தின் மனைவி சிவமலர் தண்ணீரை நீட்டினாள். குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “கோலை மற்றாக்களுக்கு விட்டிடுவான். தனக்கெண்டு ஒண்டும் எடுக்கிற பழக்கம் அவனிட்டை இல்லை.”

“தன்னடக்கம்!” என்று ஜெயரட்ணம் மேசையில் தட்டினார். “டிவியிலை பாக்கலாமோ?”

“அவன் இறங்கிற நேரம் பாத்து விளம்பரம் போடத் தொடங்கிடுவாங்கள்.”

“போடுவாங்கள்தானே! ஸ்டார் வாற நேரம்தானே விளம்பரத்துக்கு மதிப்பு!”

சயந்தினி முதல்முறையாக நிமிர்ந்தாள். நகரத்தில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக இருக்கிறாள். ஆளை மதிப்பிடும்போது அவள் கண் நேரே வாய்க்குத்தான் போகும்.

“மாமா, நான் ஹொக்கி வீடியோ பாத்தனான். கையுறையைக் கழட்டி எறிஞ்சுபோட்டு அடிபடுகினம். பாதிப் பேருக்கு முன்பல்லு இல்லை. இவர் அனுப்பின படத்திலையும் வாயை மூடிக்கொண்டுதான் நிக்கிறார்.”

“சீச்சீ, அது வெக்கம் பிள்ளை. அவனை ஒருத்தரும் தொடமாட்டினம். அவன் இறங்கினால் மற்றவை எல்லாரும் விலகிப் போயிடுவினம்.”

“அவ்வளவு சண்டியனோ?”

“பயப்பிடுறாங்கள் பிள்ளை!” என்று ஜெயரட்ணம் பெருமையோடு குறுக்கே விழுந்தார். “என்ரை மருமகனைக் கண்டால் அரங்கமே நடுங்கும்!”

சயந்தினி முள்ளுக்கரண்டியை வைத்தாள்.

“அப்பா, அப்ப எனக்கு வேண்டாம். பகல் முழுக்க மற்றவையின்ரை உடைஞ்ச பல்லைப் பாத்துப்போட்டு, இரவிலை புருசன் உடைச்ச பல்லுக்கும் கணக்குக் கேக்க ஏலாது. இவர் வீட்டை முழுசா வருவாரோ, அரைவாசியா வருவாரோ எண்டு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இருக்கமாட்டன். சாதாரண வேலை செய்யிற, பல்லுள்ள ஒருத்தர் எனக்குப் போதும்.”

“விசர்க்கதை கதையாதை!” ஜெயரட்ணத்தின் குரலுக்குப் பக்கத்து மேசைச் சிசிலியர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “ஸ்டாரை வேண்டாமெண்டு ஆரும் சொல்லுவினமே? அண்ணை, நீங்கள் ஒருக்கால் சொல்லுங்கோ!”

தில்லையம்பலம் கடலைப் பார்த்தார். ஏற்கெனவே ஒன்பது சம்பந்தம் தட்டிப்போன மருமகன். தான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்ற பெருமை அவருக்கு இருந்தது. உண்மையையே சரியான வரிசையில் அடுக்கி, விமானம் ஏறி இவ்வளவு தூரம் கொண்டுவந்தவர். இப்போது அந்த அடுக்கே வினையாகி நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு, ஜெயரட்ணத்தின் பக்கம் திரும்பாமல் சயந்தினியிடம் குனிந்தார்.

“பிள்ளை, அவனுக்கு முப்பத்திரண்டு பல்லும் இருக்கு. அவன் விளையாடுறவன் இல்லை, ஆட்டக்காரர் இளைப்பாற உள்ளை போன பிறகு, ஐசைக் கழுவி மினுக்கிற வண்டியை ஓட்டுறவன்.”

சயந்தினி தட்டிலிருந்த பெரிய இறாலை எடுத்து அவருக்கு வைத்து, “அப்ப ஓம் மாமா!” என்றாள்.