காதோரம்

பிலோமினா, மில் முதலாளி நாச்சிமுத்து ஐயாவின் நேர்முக உதவியாளர். கூட்டங்களில் அவர் நாற்காலிக்குச் சற்றுப் பின்னால்தான் அவள் இடம். யாராவது உள்ளே வந்தால் ஐயாவின் தலை லேசாக அவள் பக்கம் சாயும். அவள் குனிந்து பெயரைச் சொல்வாள். அவருக்கு மறதி முற்றிக்கொண்டு வருவது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். "வெளிய சொல்லிராதம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டிருந்தார்.

அன்று பங்குதாரர்கள் கூட்டத்துக்கு, வெளிநாட்டில் இருந்த மகன் வந்து நுழைந்தான். ஐயாவின் தலை சாய்ந்தது. பிலோமினா அவர் காதருகே குனிந்தாள்.

"உங்க மகனுங்கய்யா. 'வாடா சங்கரு'ன்னு கூப்பிடுங்க."

"வாடா சங்கரு!" என்றார் வாய் நிறைய. மகன் பூரித்துப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா, மில்லை வித்தரலாங்கறாங்க எல்லாரும். நீங்க சொல்றதுதானுங்க முடிவு."

தலை மறுபடியும் சாய்ந்தது. இதுவரை அவள் பெயர்களைத்தான் சொல்லியிருந்தாள். இப்போது முடிவையே சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் அத்தனை பேர் முன்னாலும் அந்த மனிதர் கூனிக் குறுகிப்போவார். கீழே இயந்திரங்கள் ஓடும் அதிர்வு அவள் பாதங்களில் ஏறியது.

"வேண்டாம்னு சொல்லுங்கய்யா."

"வேண்டாம்!" மேசையை ஓங்கித் தட்டினார். ஊரே நடுங்கிய அதே பழைய குரல்.

"சரிங்கப்பா" என்றான் சங்கர். மற்றவர்கள் கோப்புகளை மூடினார்கள்.

ஐயா குழந்தைபோலப் பிலோமினாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அடுத்ததைக் கேட்கக் காதைக் கொடுத்தார்.